ஒரு பொட்டு மட்டும் புதுசு

அத்தியாயம் 4

"இன்னொரு தடவை இந்தப் பொண்ணு பொய் சொல்றான்னு சொன்னீங்கன்னா கேப்டன், இந்த ஸ்பேனரை நான் டூல் பாக்ஸ்ல திரும்ப வெக்க மாட்டேன்."

ஸ்ரீவித்யா குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் குரல் உயராமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது அவள் உதவியாளன் ஆல்பினுக்குத் தெரியும். அவன் மெல்ல நகர்ந்து அவளுக்கும் கேப்டனுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அக்கா, அது அவங்க ஸ்பேனர். வெச்சிருங்க. அடிதடி கேஸோட திருட்டுக் கேஸும் சேர்ந்துக்கும்."

கேப்டன் ராஜராஜன் சிரித்தார். வெள்ளை வெளேரென்று யூனிபார்ம், தோளில் நாலு தங்கப் பட்டை. பூதலூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த இந்த விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அவர்தான் முதலாளி, தலைமை ஆசிரியர், நீதிபதி எல்லாம்.

"மேடம், நான் சொல்லல. மெஷின் சொல்லுது. நீங்களே பாருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விமானம் நிறுத்தும் ஹேங்கருக்கு நடுவில், மூக்குச் சக்கரம் கோணிப்போய், ஜாக்கி மேல் ஏறி நின்றது அந்த இரண்டு சீட்டு விமானம். வயிற்றில் சிவப்புக் கோடு. உள்ளே ஓட்டுபவர் முன்னால் ஒரு சின்ன டி.வி. மாதிரித் திரை. எண்ணெய் அழுத்தம், எண்ணெய்ச் சூடு, பெட்ரோல் அளவு என்று எஞ்சினின் சமாச்சாரம் எல்லாம் அதில்தான் தெரியும். இப்போது பேட்டரியைப் போட்டதும் ஒவ்வொன்றும் எப்படிக் காட்ட வேண்டுமோ அப்படியே காட்டிக்கொண்டு, சமர்த்தாக இருந்தது.

போன வாரம் இதே திரைதான் ஜாஸ்லினிடம் வேறு கதை சொன்னது.

ஜாஸ்லின் கதவோரம் நின்றிருந்தாள். வல்லத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் அந்தோணிமுத்துவின் மகள். அவர் கேட்டுத்தான் ஸ்ரீவித்யா வந்திருந்தாள். தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது திருக்காட்டுப்பள்ளிக்கு மேலே எண்ணெய் அழுத்தம் பூஜ்யம் என்று திரை சிவந்திருக்கிறது. எண்ணெய் இல்லாமல் எஞ்சின் சில நிமிஷம்கூடத் தாங்காது. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய்தாள். எஞ்சினை நிறுத்தினாள். கீழே காவிரித் தண்ணீர் பாய்ந்து வயலெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. அதில் குறுவை அறுத்துவிட்டு இன்னும் தண்ணீர் வைக்காத காய்ந்த வயலாக ஒன்றைத் தேடிப்பிடித்து இறங்கினாள். சக்கரம் கோணியது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை.

பிறகு திறந்து பார்த்தால் எண்ணெய் இருந்தது. அழுத்தமும் இருந்தது. திரையும் ஒழுங்காகக் காட்டியது.

"பயத்துல கற்பனை பண்ணிட்டு, நல்லா ஓடிட்டு இருந்த எஞ்சினை நிறுத்திட்டா" என்பது கேப்டனின் தீர்ப்பு. விமானம் ஓட்டும் மனத்திடம் இல்லாதவள் என்ற அறிக்கை மேஜை மேல் தயாராக இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு டெல்லிக்கு அனுப்பிவிடுவார். அது போய்விட்டால் நாட்டில் எந்தப் பள்ளியும் அவளைத் தொடாது.

இப்போது மணி நாலு.

ஸ்ரீவித்யா ஒரு காலத்தில் சென்னையில் விமானக் கருவிகளைப் பழுது பார்த்தவள். மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து, தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு பாத்திரக் கடை மாடியில் 'பழுது விசாரணை' என்று போர்டு மாட்டினாள். மெஷின் பொய் சொன்னதா, மனிதன் பொய் சொன்னானா என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். இந்த எட்டு வருஷத்தில் அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் மெஷினைத்தான் நம்புவார்கள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இங்க வாம்மா" என்றாள் ஜாஸ்லினிடம். "திரை சிவந்துச்சே, அந்த செகண்ட் உன் கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"ரேடியோ பட்டனை அழுத்தினேன் மேடம். கல்லணையிலேர்ந்து திரும்பிட்டேன்னு சொல்ல."

"சிவந்தது ஆயில் பிரஷர் மட்டும்தானா?"

ஜாஸ்லின் யோசித்தாள். "இல்ல. ஆயில் சூடும் ஆடுச்சு. பெட்ரோலும். மூணும் ஒண்ணா. ஆனா நான் பிரஷரைத்தான் பார்த்தேன்."

"இதை ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"கேட்டாத்தானே மேடம்? 'ஏன் பயந்தே'ன்னுதான் கேட்டாங்க. ஏன் பயந்தே, ஏன் பயந்தேன்னு நாலு நாள் அதையேதான் கேட்டாங்க."

ஸ்ரீவித்யா ஆல்பின் பக்கம் திரும்பினாள்.

"ஆபீஸ்ல ஒருத்தன் காய்ச்சல்னு லீவு போட்டா என்ன அர்த்தம்?"

"காய்ச்சல்."

"மூணு பேரு ஒரே நாள் காய்ச்சல்னு லீவு போட்டா?"

"கிரிக்கெட் மேட்ச்."

"அதேதான். மூணு கருவியும் ஒரே நேரத்துல கெட்டுப்போகாது. மூணுக்கும் பொதுவா ஒண்ணு கெட்டிருக்கு."

அவள் எஞ்சின் மூடியைக் காட்டினாள். "இந்தத் திரைக்குள்ள எண்ணெய் வராது. எஞ்சின்ல இருக்கிற சென்சார் கொஞ்சூண்டு கரண்ட்டை அனுப்பும். அதை வெச்சுத்தான் இது கணக்குப் போடும். எல்லா வயரும் கடைசியா ஒரே எர்த் போல்ட்ல வந்து முடியுது. ரேடியோ வயரும் அங்கதான். அந்த போல்ட் சரியா ஒட்டலன்னா, ரேடியோ கரண்ட்டை இழுக்கிற நேரம் எல்லாக் கணக்கும் தப்பாயிடும்."

"எங்க வீட்ல மிக்ஸி போட்டா டி.வி. கோடு கோடா ஆகுமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான். ஆனா உங்க வீட்டு டி.வி.யை நம்பி நீ வானத்துல உக்காந்திருக்கல."

கேப்டன் கையைக் கட்டிக்கொண்டார். "அழுத்திப் பாருங்க."

ஜாஸ்லின் உள்ளே ஏறி ரேடியோ பட்டனை அழுத்தினாள். திரை அசையவில்லை. விளக்கைப் போட்டாள். அசையவில்லை. பெட்ரோல் பம்பையும் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டும் பார்த்தாள். ஒரு கோடுகூட ஆடவில்லை.

கேப்டன் மெதுவாகக் கை தட்டினார். "கதை நல்லா இருந்துச்சு மேடம். மிக்ஸி, டி.வி. எல்லாம் பிரமாதம்."

பக்கத்தில் நின்ற தலைமை எஞ்சினியர் ரகுராமன் மட்டும் சிரிக்கவில்லை. மெலிந்த மனிதர். நெற்றியில் திருநீறு, அதன் நடுவில் குங்குமம். வந்ததிலிருந்து இவர் ஒருத்தர்தான் ஜாஸ்லினிடம் முகம் கொடுத்துப் பேசினார்.

"பாவம் மேடம் அந்தப் பொண்ணு. ஏதாவது பண்ண முடிஞ்சா பண்ணுங்க. காபி சொல்லட்டுமா?"

"வேணாம் சார். மூடியைத் திறங்க."

"திறந்து என்ன ஆகப் போகுது?" என்றார் கேப்டன். "வயல்லேர்ந்து கொண்டு வந்து உள்ள வெச்சதும் நானே பூட்டிட்டேன். ரெண்டே சாவிதான். ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு ரகுராமன்கிட்ட. ஒரு ஈ கூட உள்ள வரல."

மூடி திறந்தது. ஆல்பின் விசில் அடித்தான். உள்ளே எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகடு முழுக்கப் பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட்.

"என்னக்கா, எஞ்சினுக்குக் கல்யாணமா?"

"ஆயுத பூஜைக்கு அடிச்சது" என்றார் கேப்டன் பெருமையாக. "வருஷா வருஷம் அடிப்போம். நாங்க வண்டியைச் சாமி மாதிரி வெச்சிருக்கோம்."

ஸ்ரீவித்யாவுக்குத் தலைக்குள் ஏதோ சொடுக்கியது. பெயிண்ட். எர்த் போல்ட்டுக்கு அடியில் வெறும் உலோகம் இருக்க வேண்டும். அங்கே பெயிண்ட் ஏறினால் கரண்ட் போகாது. டார்ச்சை வாங்கி உள்ளே தலையை விட்டாள்.

போல்ட் இருந்தது. அதன் அடியில் பெயிண்ட் இல்லை. சுரண்டிச் சுத்தமாக, வெறும் உலோகமாக மின்னியது. வயர் கெட்டியாகப் பிடித்திருந்தது.

தலையை வெளியே எடுத்தாள். முகம் சிவந்திருந்தது. வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதானா?

"அக்கா" என்றான் ஆல்பின். அவனும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க எத்தனை பொட்டு! குழாய்க்குப் பொட்டு, பெட்டிக்குப் பொட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் பொட்டு. நெத்தி காலியா ஒருத்தன்கூட இல்ல. ஆனா பாருங்க, எல்லாப் பொட்டும் சூட்டுல வதங்கி, கறுத்து, புளியங்கொட்டை கலர்ல இருக்கு. உங்க போல்ட் மட்டும் காலையில குளிச்சிட்டு வந்த மாதிரி ஜம்முனு இருக்கான்."

ஸ்ரீவித்யா மறுபடி குனிந்தாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் கோபம் வேறு நிறத்தில் இருந்தது.

"கேப்டன், இங்க வாங்க. மத்த எல்லாத்துக்கும் கீழ சந்தனம், மேல குங்குமம். எல்லாம் பழசு. இந்த ஒரு போல்ட்டுல மட்டும் வெறும் குங்குமம். புதுசு. சந்தனமே இல்ல. யாரோ இதைக் கழட்டி, பெயிண்ட்டைச் சுரண்டி, திரும்ப மாட்டியிருக்காங்க. சுரண்டினப்ப பழைய பொட்டு போயிடுச்சு. மொட்டையா இருந்தா கண்ணுல படும்னு புதுப் பொட்டு வெச்சிருக்காங்க. இந்தப் பொண்ணு இறங்கினப்புறம், அவ பொய் சொல்லலன்னு தெரிஞ்ச ஒரு ஆளு, பழுதைச் சரி பண்ணிட்டு வாயை மூடிட்டு நின்னிருக்கான்!"

கேப்டன் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போயிற்று. ஆனால் அடுத்த விநாடியே விரல் ஜாஸ்லினை நோக்கி நீண்டது.

"வேற யாரு? இவளேதான்! எப்படியோ உள்ள புகுந்து இதைப் பண்ணி வெச்சு, எங்க மேல பழி போடப் பாக்குறா. சந்தனம் வெச்சுட்டுத்தான் குங்குமம் வெக்கணும்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியாதா? சர்ச்சுக்குப் போற பொண்ணு, அவளுக்கு இது எப்படித் தெரியும்?"

ஆல்பின் வாய் திறந்து, இந்த முறை ஜோக் எதுவும் வராமல், மூடிக்கொண்டது. அவன் கழுத்திலும் ஒரு சின்னச் சிலுவை தொங்கியது.

ஜாஸ்லின் நேராகக் கேப்டன் முன்னால் வந்தாள்.

"சார். அந்தப் பொட்டெல்லாம் வெச்சதே நான்தான்."

"என்ன?"

"பூஜைக்கு முந்தின நாள் ஸ்டூடண்ட்ஸை டெகரேஷன் பண்ணச் சொன்னீங்க. பசங்க தோரணம் கட்டப் போயிட்டாங்க. சந்தனம் குழைச்சு, ரெண்டு பிளேனுக்கும் ஒண்ணு விடாம வெச்சது நான். மோதிர விரல் நாலு நாள் மஞ்சளா இருந்துச்சு. நீங்கதான் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தீங்க. 'சந்தனம் காயறதுக்குள்ள குங்குமம் வெச்சாத்தான் நிக்கும்'னு நான்தான் உங்களுக்குச் சொன்னேன். மறந்துட்டீங்களா?"

கேப்டனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது அவர் கழுத்து வரை சிவந்ததில் தெரிந்தது.

ஸ்ரீவித்யா விடவில்லை. "அப்ப சந்தனத்தை மறந்தது, பொட்டே வெச்சுப் பழக்கமில்லாத ஒரு ஆளு. பூஜைன்னா கையைக் கட்டிட்டு நின்னு தீபாராதனையை மட்டும் ஒத்திக்கிற பெரிய ஆளு. சாவி ரெண்டுன்னு நீங்களே சொல்லிட்டீங்க கேப்டன். நீங்கதானே?"

இவர்தான் என்று அவள் மனசு சொன்னது. இவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டது.

"நானா? எனக்கு எதுக்கு... அந்த எர்த் போல்ட்டு..."

"எங்க இருக்கு அது? ஆல்பின், டார்ச்சை அணை. கேப்டன், எர்த் போல்ட்டைத் தொட்டுக் காட்டுங்க."

"இப்பத்தான் காட்டினீங்களே..."

"அது ரெண்டு பக்கமும் இருக்கும். எதிர்ப் பக்கத்தைக் காட்டுங்க."

கேப்டன் அந்தப் பக்கம் சுற்றிப் போனார். கை உள்ளே நீண்டது, தடுமாறியது, ஒரு குழாயைத் தொட்டது. பின்வாங்கி இன்னொன்றைத் தொட்டது.

"இது... இதுதானே?"

"அது எண்ணெய் வடிக்கிற அடைப்பு" என்றான் ஆல்பின். "அதைத் திருகியிருந்தா உங்க யூனிபார்முக்கும் பொட்டு வெச்சிருக்கும் சார்."

ஸ்ரீவித்யா கேப்டனையே பார்த்தாள். எதிர்ப் பக்கத்தில் போல்ட் எதுவும் கிடையாது. தெரிந்தவராக இருந்தால் அவள் சொன்னபோதே 'இல்லையே' என்றிருப்பார். இந்த மனிதருக்கு ஓட்டத் தெரியும், உறுமத் தெரியும், பட்டையை மாட்டிக்கொள்ளத் தெரியும். எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. இத்தனை நேரம் இவரையே முறைத்துக்கொண்டிருந்தவள் தப்பான ஆளை முறைத்திருக்கிறாள்.

மெல்லத் திரும்பினாள்.

ரகுராமன் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை தானாக சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. மெல்லிய துணி வழியே உள்ளே ஒரு கோயில் குங்குமப் பொட்டலம் சிவப்பாகத் தெரிந்தது. அவசரத்துக்குக் கையில் இருந்தது அது மட்டும்தான்.

"பாவம் அந்தப் பொண்ணுன்னு சொன்னீங்களே சார்" என்றாள் ஸ்ரீவித்யா. "எவ்வளவு பாவம்னு உங்களுக்குத்தான் கரெக்டா தெரியும்."

அவர் பையிலிருந்து கையை எடுத்தார்.

"பூஜைக்கு அவசரமா பெயிண்ட் அடிச்சாங்க. போல்ட்டைக் கழட்டிட்டு அடிச்சு, பெயிண்ட் மேலயே மாட்டிட்டாங்க. நான் பாக்காமலே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் இது நடந்தப்பதான் எனக்கு உறைச்சுது. சரி பண்ணினேன். சொன்னா என் லைசென்ஸ் போயிடும் மேடம். ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு."

"உங்க ரெண்டு வருஷத்துக்காக இவ வாழ்க்கை பூராவும் போகணுமா?" ஸ்பேனர் தரையில் போய் விழுந்தது. அவள் எறிந்தாளா, கை நழுவியதா என்று அவளுக்கே தெரியவில்லை. "எதிர்லயே நின்னு காபி சொல்லட்டுமான்னு கேக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

ஜாஸ்லின் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பக்கத்து ஷெட்டில் நீலக் கோடு போட்ட இன்னொரு விமானம் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"சார்" என்றாள் ரகுராமனிடம். "நீலக் கோட்டுக்கும் அதே நாள்தானே பெயிண்ட் அடிச்சாங்க?"

ரகுராமன் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டையும் ஒண்ணா திறந்தா ஏன்னு கேப்பாங்க. அடுத்த சர்வீஸ்ல பண்ணிக்கலாம்னு..."

"அதுல ஃபாஜில் போயிருக்கான்!"

ஃபாஜில் நாகூர்ப் பையன், அவள் கூடப் படிப்பவன். தனியாகப் பறப்பது இன்றைக்குத்தான் இரண்டாவது முறை.

யாரும் நகர்வதற்குள் மேஜை மேலிருந்த ரேடியோ கரகரத்தது.

"பேஸ், ஃபாஜில் பேசறேன்... ஆயில் பிரஷர் சிவப்பு காட்டுது... பூஜ்யம்... எஞ்சினை நிறுத்தவா?"

கேப்டன் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "ஃபாஜில்! என்ன காட்டுது? திரும்பச் சொல்லு! திரும்பச் சொல்லு!"

"பூஜ்யம் சார்! இப்ப மறுபடியும் பூஜ்யம்! ஜாஸ்லினுக்கு ஆன மாதிரியே..."

"அவனைப் பேச விடாதீங்க!" ஸ்ரீவித்யா கத்தினாள். "அவன் பேசினாத்தான் அது விழும்!"

கேப்டனுக்குப் புரியவில்லை. "ரிப்போர்ட் பண்ணு ஃபாஜில்! ரிப்போர்ட்..."

ஜாஸ்லின் அவர் கையிலிருந்து மைக்கை உருவினாள். கேட்டு வாங்கவில்லை. உருவினாள்.

"டேய் ஃபாஜில், நான் ஜாஸ்லின். வாயை மூடு. பட்டன்லேர்ந்து கையை எடு. எனக்குப் பதில் சொல்லாத, நான் சொல்றதை மட்டும் கேளு. கேக்குதுன்னா இறக்கையை ஆட்டு."

எல்லோரும் வெளியே ஓடினார்கள். மேற்கே வெண்ணாற்றுப் பக்கம் ஒரு புள்ளி. அதன் கீழே எங்கு பார்த்தாலும் நடவு வயல், முழுக்கத் தண்ணீர். காய்ந்த வயல் ஒன்றுகூட இப்போது கிடையாது. சக்கரம் சேற்றில் இறங்கினால் தலைகுப்புறத்தான்.

புள்ளி ஆடியது. இடது, வலது.

"சரி. திரையைப் பாரு. பிரஷர் திரும்ப வந்திருக்கும். அது போனதே பொய். எர்த் சரியில்ல, அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்தாத. நிறுத்தினா, நீ கீழ வந்ததும் நான் உன்னைக் கொன்னுருவேன். லைட் போடாத. இறங்கறதுக்கு பம்ப் போட்டுத்தான் ஆகணும். போட்ட உடனே மறுபடி பூஜ்யம் காட்டும், காட்டட்டும். நீ எஞ்சின் சத்தத்தை மட்டும் கேளு. சத்தம் மாறலன்னா ஒண்ணும் மாறல. புரிஞ்சா ஆட்டு."

ஆடியது.

அவள் குரல் கடைசி வரை ஒரே மட்டத்தில் இருந்தது. திரும்பு, இறக்கு, இன்னும் கொஞ்சம், வேகத்தை விடாத. பக்கத்தில் கேப்டன் நின்றார். கையில் அந்த அறிக்கை. மனத்திடம் இல்லாதவள் என்று டைப் அடித்த தாள் காற்றில் படபடத்தது.

நீலக் கோடு வயல்களைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஓடுபாதையில் ஒரு துள்ளு துள்ளி அமர்ந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கேப்டன் தாளைக் கிழிக்கப் போனார். ஸ்ரீவித்யா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கிழிச்சிட்டா முடிஞ்சு போச்சா? இங்க உக்காந்து வேற எழுதுங்க. பெயிண்ட், போல்ட், பாக்காம போட்ட கையெழுத்து, நாலு நாள் கேட்ட கேள்வி, எல்லாம். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"ரகுராமன்..." என்று ஆரம்பித்தார் கேப்டன்.

"அவர் பேரும் வரும். உங்க பேரும் வரும்."

ஃபாஜில் இறங்கி ஓடி வந்தான். சட்டை முழுக்க வேர்வை. உதடு வெளுத்திருந்தது. நேராக ஜாஸ்லினிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"பம்ப் போட்டதும் சுத்தமா பூஜ்யம்டி. கையை சுவிட்ச் மேல வெச்சுட்டேன். நீ சொல்லலன்னா நிறுத்தியிருப்பேன். சத்தியமா நிறுத்தியிருப்பேன்."

ஜாஸ்லின் அவனைப் பார்க்கவில்லை. கேப்டனைப் பார்த்தாள்.

"நான் நிறுத்தினேன் சார். எனக்குச் சொல்றதுக்கு யாருமில்ல."